சாயம் போகாத துணி

தென்காசி
14-7-1960

அண்ணனுக்கு,

தந்தியில் அப்பாவுக்கு விபத்து என்று சொல்லியிருந்தேன். அப்படித்தான் சொல்ல வந்தது.

துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கும் துணிதான் அமெரிக்காவுக்கு வேண்டும் என்று நீ சென்னையிலிருந்து எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சாயம் போற துணிய எவம்லே வாங்குவான்? பட்டணத்துல ஒங்கண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டு" என்று சிரித்தார். நூலை இரண்டு மடங்கு காய்ச்சிச் சாயத்தைக் கெட்டிப்படுத்தினார். நெய்து வந்த துணியைச் சிற்றாற்றில் அடித்துத் துவைத்தும் காட்டினார். ஒரு சொட்டு நிறம் இறங்கவில்லை. கப்பலில் எது ஏறும் என்பது உனக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது அந்த ஆறுதான்.

உன் ஏற்றுமதிக் கம்பெனி திருப்பி அனுப்பிய மூட்டைகள் நேற்றுக் காலை வந்தன. இனி ஆர்டர் இல்லை என்ற கடிதமும் வந்தது. நாற்பது தறிகள் நின்றுவிட்டன. அவற்றில் இரண்டு என்னுடையவை.

நேற்று மத்தியானமே நெசவுக்காரர்கள் சாயப்பட்டறைக்குள் நுழைந்தார்கள். இசக்கிமுத்து அப்பாவின் கழுத்தைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, ஒம்ம பெருமைக்கு எம்புள்ள பட்டினி கெடக்கணுமோ?"

கொதிக்கும் தொட்டியில் அவர் கைகளை முழங்கைவரை அமுக்கினார்கள். வெளியே எடுத்தபோது தோல் தொட்டியிலேயே தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் யார் செய்தது என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆவியில ஒண்ணும் தெரியலய்யா."

இடது கையை அமுக்கியது நான்.

உன் தம்பி