பத்தாவது ஆள்

அன்பும் பிடிவாதமும் ஒரே அளவில் உள்ள என் வீட்டுக்காரருக்கு, உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது.

நானும் மகளும் கடையும் இங்கே நலம். உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் போன வாரம் அனுப்பிய போட்டோவில் சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டை நான் தைத்தது, அளவு எனக்குத் தெரியும். துணி வளராது, ஆள்தான் தேய்ந்திருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

போன் இருக்க, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் அறையில் ஆறு பேர். நான் எவ்வளவு கத்தினாலும் நீங்கள் “ம்” என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. “ம்”மோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? எதிர்வீட்டு டிரைவர் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து மேலும் கீழும் போகும். தையல் மட்டும்தான் எனக்கு நேராகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு வருட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, மூட்டை கட்டுவதா, மாதக் கடைசிக்குள் சொல் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பை வியாபாரி மூன்று மடங்கு ஆர்டர் தருகிறேன், பத்துப் பேர் தைத்தால் போதும் என்று சொன்னாரே, அதற்காகத்தான் நம் தையல் கடையைப் பதிவு செய்ய மனுக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் போய்க் கொடுத்தேன். ஓடுகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. ஆய்வு செய்ய ஓர் ஆய்வாளர் வந்திருக்கிறார். நான் வியாபாரியிடம் பைகளைக் கொடுக்கப் போயிருந்த நேரம். மனுஷன் உள்ளே வரவே இல்லை. பஞ்சுத் தூசிக்குப் பயந்து, மூக்கில் கைக்குட்டையோடு மாடிப்படி முனையிலேயே நின்றிருக்கிறார். எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாராம். மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கீழே இரும்புக்கடைக்கு வந்தவர் யாரோ வழி தவறி நிற்கிறார் என்று நம் பெண்கள் நான்கு பேரும் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நம் மிஷின்களுக்கு அவர்கள் வைத்திருக்கிற பேரெல்லாம் உங்களுக்குத் தெரியும். முதலில் வாங்கியது பெரியக்கா. சத்தமே போடாதது ஊமை. ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருப்பது நொண்டி. பழசாக வாங்கியது கிழவி. ஐந்தாவதாக ஒன்று வந்திருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு. அன்றைக்கு, அந்த நான்கு பெண்களில் நாம் வாயாடி என்று கூப்பிடுகிறவள் வழக்கம்போலத் தொண்டை கிழியப் பேசியிருக்கிறாள். “கிழவி காலையிலேருந்து நிக்காம ஓடுறாடி, ஒரு சொட்டு எண்ணெயாவது காட்டுங்க” என்றிருக்கிறாள். “ஊமைக்கு ஊசி போட்டாச்சா? பழைய ஊசியா? உள்ளயே ஒடைஞ்சா யாருடி எடுக்கறது?” என்றிருக்கிறாள். “நொண்டி ஆடுறா பாரு, கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டு” என்றும் சொல்லியிருக்கிறாள். படி முனையில் நின்றவர் அத்தனையையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. எனக்குப் புரியாத வார்த்தைகளை மகள்தான் படித்துச் சொன்னாள். மொத்தப் பணியாளர்கள் பத்துப் பேர். வயது முதிர்ந்த பெண்ணை ஓய்வின்றி வேலை வாங்குவது கண்டறியப்பட்டது. வாய் பேச இயலாத பணியாளருக்குத் தகுதியற்ற நபர்கள் பழைய ஊசி செலுத்துவது கண்டறியப்பட்டது. கால் ஊனமுற்றவரைக் கயிற்றால் கட்டிவைப்பது கண்டறியப்பட்டது. மகள் படிக்கப் படிக்க, இது எந்தப் பாவியின் கடை, இவளை உள்ளே தள்ளவேண்டாமா என்று எனக்கே தோன்றியது. பிறகுதான் உறைத்தது, அந்தப் பாவி நான்தான்!

என்னையும் சேர்த்து மூச்சு விடுகிறவர்கள் ஐந்து பேர். எண்ணெய் குடிக்கிறவர்கள் ஐந்து பேர். கூட்டிப் பத்து. பத்து ஆகிவிட்டால் அது கடை இல்லையாம், தொழிற்சாலையாம். இரண்டாவது மாடிப்படி, தனித்தனிக் கழிப்பறை, பதினொரு சான்றிதழ், எல்லாம் முப்பது நாளில். இல்லையென்றால் சீல்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது ஜன்னலில் இருந்த குமாஸ்தாவிடம், ஐயா, இவர்கள் ஆள் இல்லை, மிஷின் என்றேன். அவர் தலை நிமிரவில்லை. பெயரை நீக்க வேண்டுமானால் வேலையிலிருந்து விலகியதாக ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும் என்றார். ஊமைக்கு எழுதத் தெரியாதே என்றேன். “படிக்காதவங்கன்னா கைரேகை போதும்மா, கூட்டிட்டு வாங்க” என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உங்களுக்கா தெரியாது? இரும்புக்கடைக்காரரின் தள்ளுவண்டியில் ஊமையை ஏற்றி, நானும் வாயாடியும் கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு மாடி தூக்கி, மூன்றாவது ஜன்னலுக்கு முன்னால் இறக்கினோம். இதோ வந்துவிட்டாள், எந்த விரலில் ரேகை வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வரிசையில் நின்ற கூட்டம் கை தட்டியது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெரிய அதிகாரியே வந்துவிட்டார்.

அவர் நல்ல மனுஷன். நோட்டீஸைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உட்கார நாற்காலி கொடுத்தார், டீ கொடுத்தார். தப்புதான், ஆனால் பைல் மேலே போய்விட்டது, திருத்த வேண்டுமென்றால் மறு ஆய்வு வேண்டும், அதற்கு மூன்று மாதம் ஆகும் என்றார். அதுவரை சீல் வைக்க மாட்டோம், ஆனால் அறிக்கையில் இருக்கிற பத்துப் பேருக்கு மேல் ஓர் ஆளைக்கூடச் சேர்க்கக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார். எழுந்து வரும்போது, “ஏம்மா, எதுக்கு இதைப் பெரிசாக்கறீங்க? அஞ்சு பேரோட நிம்மதியா இருங்களேன். ஒம்பது வரைக்கும் உங்க பக்கம் யாரும் திரும்பியே பார்க்க மாட்டோம்” என்றார்.

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், மறந்தும் போயிருப்பேன். சின்னதாகவே இரு என்று ஆசீர்வாதம் மாதிரி சொன்னால் என்ன பதில் சொல்வது?

வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வழியெல்லாம் இதேதான் யோசனை. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறியாயிற்று. எதிர்வீட்டில் டிரைவர், மூலைவீட்டில் தச்சர், பின்தெருவில் அண்ணன் தம்பி மூன்று பேர். போன இடத்தில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்குகிறார்கள். ஆள் மாறிவிட்டார்களா? இங்கே இருந்தபோதும் அதே கை, அதே மூளைதானே? உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே கூரைக்குக் கீழே நானூறு பேர் தைக்கிறீர்கள். அந்த நானூறும் முதல் நாளிலேயே நானூறாகவா முளைத்தது? அதுவும் ஒரு நாள் ஒன்பதாக இருந்து பத்தாகியிருக்கும். அன்றைக்கு யாராவது வந்து, நிம்மதியாக ஒன்பதோடு இரு என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கு ஏது வேலை? இங்கே பத்தாவது ஆளைச் சேர்ப்பது குற்றம் மாதிரி இருப்பதால்தான், அந்தப் பத்தாவது ஆள் கடல் தாண்டி யாருக்கோ முந்நூற்று சொச்சமாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாச் சட்டமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது படி கேட்டார்களே, அது நியாயம். தீப்பிடித்தால் ஓடப்போவது நாங்கள்தானே? ஓட வழி இருக்கிறதா என்று பார்க்கத்தானே அரசாங்கம்? ஆனால் அதை வந்து பார்க்க வேண்டியவர் படி முனையிலேயே நின்றுவிட்டார். மிஷின் எது, மனுஷி எது என்று பார்க்கக் கண் இல்லாதவர்களுக்குப் பதினொரு சான்றிதழைப் பார்க்க மட்டும் கண் இருக்கிறது.

இரண்டு நாள் கத்தினேன். மூன்றாம் நாள் பெரிய அதிகாரி கொடுத்த காகிதத்தை மகளை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். பத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அப்படியென்றால் பத்து வரை சேர்க்கலாம் இல்லையா? அவர்கள் கணக்கில் பத்துப் பேர், என் அறையில் ஐந்து பேர். காகிதத்தில் ஐந்து இடம் காலியாக இருக்கிறது! பெரியக்கா, ஊமை, நொண்டி, கிழவி நான்கு பேர் இடத்துக்கும் ரத்தமும் சதையுமாக நான்கு பெண்களைப் பேசி முடித்துவிட்டேன். இரண்டு பேர் சொந்த மிஷினோடு வருகிறார்கள். பின்சுவரில் வெளிப்பக்கமாக இரும்புப் படி வைக்க இரும்புக்கடைக்காரர் அளவெடுத்துவிட்டார். கழிப்பறைக்குக் கொத்தனார் வந்து பார்த்தார். மூன்று மாதத்தில் ஆய்வாளர் வரட்டும். இந்த முறை கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். பத்து என்று எழுதினார்கள் இல்லையா, பத்தாகவே இருக்கும். பெரிய ஆர்டரையும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இப்போது எண்ணிக்கொண்டே வந்திருப்பீர்கள். என்னோடு ஒன்பதுதானே ஆகிறது, பத்தாவது யார் என்று.

உங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன், கோபப்படாதீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கித்தான் மாதிரித் தடித்த துணி தைக்கிற கனமான மிஷின் ஒன்று வாங்கி ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். நம் பெண்கள் யாருக்கும் அந்தப் பெடல் அசையாது, உங்கள் காலுக்குத்தான் சரி. உறை போட்டு மூடியே வைத்திருக்கிறேன். வேலைக்கு வராமல் மரியாதையாக உட்கார்ந்திருப்பதால் பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள். சத்தியமாக நான் வைக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை அதன் மேல்தான் வைக்கிறாள். எங்கேடி பை என்று கேட்டால், அப்பா மேல இருக்கு என்கிறாள்.

ஆய்வாளர் அதையும் விடவில்லை. வாயாடி அதன் பேரையும் சொல்லிக் கேலி செய்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. அறிக்கையின் கடைசி வரியை அப்படியே எழுதுகிறேன்: “பத்தாவது பணியாளர், மாப்பிள்ளை. ஆய்வின்போது வருகை தரவில்லை.”

அந்த அறிக்கையில் மற்றதெல்லாம் பொய். அந்த ஒரு வரி மட்டும் ஏழு வருடமாக உண்மை. மற்றதைத் திருத்த நான் போதும், அதைத் திருத்த என்னால் முடியாது.

அங்கே கையெழுத்துப் போடக் காகிதம் நீட்டுவார்கள். பேனாவை எடுக்கும் முன் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காப்பாற்றட்டும். மிஷினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உறையைத் தினமும் தட்டிப் போடுகிற
உங்கள் வீட்டுக்காரி