மாப்பிள்ளையின் உயரம்

யூலை 1, செவ்வாய்

சோளகக் காற்று. முற்றத்தைக் கூட்டி முடிப்பதற்குள் வேம்பு அவ்வளவையும் திரும்பக் கொட்டிவிட்டது. நாளைக்குக் கூட்டலாம். கிணற்று வாளிக் கயிறு நைந்துபோய்விட்டது, சந்தைக்குப் போனால் வாங்க வேண்டும். தேங்காய், சீயாக்காய், போனுக்குக் காசு போடுகிற மட்டை.

மத்தியானம் கஜன் போன் எடுத்தான். குறும்படம் எடுத்துக்கொண்டு திரிந்தவன், இப்போது முழுநீளப் படம். ஆட்கள் எல்லாம் சரியாம். பெண்ணின் தாய் நான்.

"அன்ரி, இந்த முறை நீங்கள் படம் முழுக்க வாறியள். கடைசிக் கட்டம் உங்கடை முகத்திலைதான் முடியுது."

நம்பலாமா? போன படத்திலும் இப்படித்தான் சொன்னார்கள். கடைசியில் என் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பூச்சாடி.

இதுவரை நடித்தவை: மாப்பிள்ளையின் அம்மா, அயல்வீட்டு அக்கா, மருத்துவிச்சி, பள்ளிக்கூட அதிபர், விசர்ப் பெண், பேய், பஸ்ஸில் பை தொலைக்கிற கிழவி (அப்போது எனக்கு நாற்பதுகூட இல்லை), பிணம். பிணமாகக் கிடந்தபோது மூக்கில் இலையான் ஒன்று பறந்து வந்து குந்தியது. நான் அசையவில்லை. படப்பிடிப்பில் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு முறைதான். எழுத்தோட்டத்தில் என் பெயர் எப்போதும் "இவர்களுடன்" என்ற சொல்லுக்குக் கீழே.

சேலை நானே கொண்டுபோக வேண்டும். அது வழக்கம்தானே. அரக்குக் காஞ்சிபுரத்தை வெயிலில் போட்டேன். இவர் வாங்கித் தந்தது.

யூலை 3, வியாழன்

கதை வட்ஸ்அப்பில் வந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்ததில் கண் கடுக்கிறது.

பிழையில்லை. சாதி பார்த்து மகளின் கலியாணத்துக்கு மறித்து நின்ற தாய். மகள் பதிவாளரிடம் எழுத்து முடித்து மாப்பிள்ளையோடு வாசலுக்கு வருகிறாள். தாய் உள்ளே போகிறாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று எல்லோரும் நினைக்க, ஆராத்தித் தட்டோடு வெளியே வருகிறாள். மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான் படம். எனக்கு ஒரு சொல்லும் இல்லை. முகம்தான்.

இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு காலமும் இலையானைப் பொறுத்துக்கொண்டேனோ தெரியாது. மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

தட்டில் மஞ்சள் தண்ணீர் விட்டு, வாழைப்பழத் துண்டில் திரி குத்தி, கண்ணாடிக்கு முன்னால் நின்று சுற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பரமேசு வேலிக்கு மேலால், "என்ன சாந்தா, தனியக் கதைக்கிறாய்?" கண் ஒப்பரேசன் செய்து கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறாள். கண்தான் மங்கல். காது நன்றாகக் கேட்கிறது.

இவர் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன காலை ஞாபகம் வந்தது. வாசலில் நின்று சொன்னார்: "ஊரிலை உள்ள மாப்பிள்ளை எல்லாருக்கும் படத்திலை ஆராத்தி எடுக்கிறாய். நான் சுகமாகி வந்தா எனக்கும் ஒருக்கா எடு." நான், "முதல்லை தலையைக் குனிஞ்சு வெளிக்கிடுங்கோ" என்றேன். எங்கள் வாசல் நிலை பதிவு, உயரம் காணாது. இவருக்கு உயரம். மினிபஸ்ஸில் கொண்டக்டராக நின்று நின்று கழுத்தே வளைந்துவிட்டது. அன்றைக்கும் நெற்றியை இடித்துக்கொண்டுதான் போனார்.

திரும்ப வரும்போது ஆராத்தி எடுக்கிற வரவாக இருக்கவில்லை.

யூலை 5, சனி

விடிய வான் வந்தது. தெல்லிப்பழைக்கு அங்கால் ஒரு வீடு. விமலா ரீச்சர் என்று ஓய்வுபெற்றவ ஒருத்தியின் வீடு. படத்துக்கென்று காசு வாங்காமல் தந்திருக்கிறா. பெரிய வாசல், நீலக் கதவு. என்னுடைய கதவும் அதே நீலம். இந்தப் பகுதிக்கே ஒரே பெயின்ற் கடைபோல.

சமையலறைக் கட்டம் இரண்டும் ஒரே டேக்கில் சரி. கமராக்காரப் பொடியன் பெருவிரலைக் காட்டினான். சித்தியாக நடிக்க ஜெசி வந்திருக்கிறாள், குருநகர். புருஷன் கடலுக்குப் போகிறவர். நண்டுக்கறி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரீச்சர் வீடு சைவம் என்றதும் வானுக்குள் இருந்து இருவரும் தின்றோம். நல்ல உறைப்பு.

பின்னேரம் ரீச்சர் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தா. நல்ல மனுசி. மகளுக்கு ஆவணியில் கலியாணமாம், இதே வாசலில்தான் மாப்பிள்ளையை வரவேற்கப் போகிறார்களாம். நடிப்பென்றாலும் முதலில் ஒரு நல்ல காரியம் நடக்கட்டும் என்றுதான் வீட்டைத் தந்தாவாம். பிறகு கேட்டா.

"உங்கடை அவர் என்ன செய்யிறார்?"

"அவர் ஆஸ்பத்திரியிலை மோசம் போட்டார் ரீச்சர். ரண்டு வருஷமாகுது."

ரீச்சர் என் நெற்றியைப் பார்த்தா. மேக்கப்காரி வைத்த பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் கில்ட் தாலிக்கொடி. பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டா.

நடிகை என்று பெயர். "கொழும்பிலை நிக்கிறார்" என்று ஒரு பொய் வாயில் வரவில்லை.

யூலை 6, ஞாயிறு

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரையும் வராது.

காலை எட்டுக்கே எல்லாம் ஆயத்தம். வாசலில் நிறைகுடம், தோரணம். நான் அரக்குச் சேலையோடு தட்டுக்குத் திரி குத்திக்கொண்டிருக்கிறேன். கஜன் வந்தான். வேட்டிக் கரையைத் திருகிக்கொண்டு நின்றான்.

"அன்ரி, ஒரு சின்னப் பிரச்சினை."

பின்னால் ரீச்சர். அவவே சொல்லிவிட்டா, பெடியனைச் சிரமப்படுத்தாமல்.

"குறை நினையாதையுங்கோ சாந்தா. எனக்கு உதுகளிலை பெரிய நம்பிக்கை இல்லை. ஆனா இந்த வாசல்லைதான் என்ரை பிள்ளை வந்து நிக்கப்போறாள். பிறகு அவளுக்கு ஏதும் ஒண்டெண்டா என்ரை மனம் கேளாது."

"அது படம்தானே ரீச்சர்" என்று கஜன் மெல்லச் சொன்னான்.

"தட்டு உண்மைத் தட்டுத்தானே தம்பி. வாசலும் உண்மை."

நான் என்ன சொன்னேன்? "ஓம், பரவாயில்லை" என்றேன். யோசிக்கவே இல்லை. யார் என்ன கேட்டாலும் வாயில் ஆயத்தமாக இருக்கிற சொல் அது. என்னுடைய வசனங்களிலே அதுதான் நல்லாப் பாடம்.

தீர்வும் அவர்களே கண்டுபிடித்தார்கள். தாயை முதுகுப் பக்கமாகவும் கையை மட்டுமாகவும் எடுப்பது. தாயாக நிற்கப்போவது ரீச்சர். நேற்று எடுத்ததோடு பொருந்த என் சேலைதான் வேண்டும். அறைக்குள் போய் உரிந்து கொடுத்தேன். கொடியையும் கழற்றிக் கொடுத்தேன். ரீச்சர் வீட்டில் போடுகிற சோட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

சுவருக்கு அங்கால் எல்லாம் கேட்டது. கஜன் "அக்சன்" என்றான். கொலுசுச் சத்தம். கூட ஆராத்தி எடுக்கிற சித்தி ஜெசி. அவள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"எந்தப் பக்கமாச் சுத்திறது கஜன்? எங்கடை கோயில்லை உது இல்லை."

"வலமா, வலமா" என்று ரீச்சர்.

அவள் திரும்பவும் இடமாகச் சுற்றியிருக்க வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. தட்டை எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாதவள் எடுக்கலாம், அவளின் புருஷன் உயிரோடு இருக்கிறான். ஜெசியில் கோபமில்லை. என் சேலை வாசலில் நின்று ஆராத்தி எடுக்கிறது, நான் அறைக்குள் சோட்டியோடு. அதுதான் தாங்கவில்லை.

வானில் ஏறும்போது ரீச்சர் சேலையை மடித்து ஒரு பையில் தந்தா. மேலே பனங்காய்ப் பணியாரம் ஒரு பொதி. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் வந்து நாலு தின்றேன்.

யூலை 7, திங்கள்

காற்று இல்லை, புழுக்கம். வாளிக் கயிறு வாங்க மறந்து தேங்காயோடு வந்தேன்.

ரீச்சரில் கோபப்பட முடியவில்லை. முயன்று பார்த்தேன். முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு படத்தில் கதாநாயகியாகக் கேட்டார்கள். என் வாழ்க்கையில் அந்த ஒருமுறை. கடலில் புருஷனைப் பறிகொடுத்தவள். முதல் கட்டத்திலேயே தாலியைக் கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும், கமராவுக்கு நேரே. நான் மாட்டேன் என்றேன். இவருக்கு ஏதும் வந்துவிடும் என்ற பயம். பேயாக நடித்தேன், பிணமாக நடித்தேன், அதற்கெல்லாம் பயமில்லை. அதற்கு மட்டும் பயம். இவரிடம் கேட்கவும் இல்லை. தடிமன் காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லிவிட்டேன்.

நடித்தவள் வேறொருத்தி. அந்தப் படம் வெளிநாடெல்லாம் ஓடியது. அவளைப் பேட்டி எடுத்தார்கள்.

இவர் நோய் வருத்தத்தில் படுத்திருந்த நாட்களில் அதை என் போனில் பார்த்தார். முழுக்கப் பார்த்துவிட்டு, "உவ நல்லாத்தான் செய்யிறா. நீ செய்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். அப்போதுதான் காரணத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் பிடித்துவிட்டது.

"விசரி. நீ தாலியைக் கழட்டினா நான் செத்துப்போவனே? எத்தினை படத்திலை நீ செத்தனி, நான் இன்னும் சோறு வடிக்கப் பழகேல்லை."

கேட்டிருந்தால் அன்றைக்கே இதைத்தான் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. நடிக்காமல் விட்டேன், அவரும் போய்விட்டார். இரண்டும் இல்லை இப்போது.

அவரின் செத்தவீட்டில் பின்னால் இருந்த யாரோ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "படத்திலை என்னமா அழுவா. சொந்தப் புருஷனுக்கு ஒரு சொட்டில்லை." உண்மைதான். வரவில்லை.

ரீச்சருக்கு மகள். எனக்கு இவர். அதே பயம்தான்.

யூலை 9, புதன்

பரமேசுவின் மகள் தோடம்பழம் தந்துவிட்டுப் போனாள். மின்சாரம் காலையில் இல்லை.

கஜன் போன். குரல் இறங்கிப்போயிருந்தது. எடுத்ததை வெட்டிப் பார்த்தானாம். தாயின் முகம் இல்லாமல் படம் முடியவே மாட்டாதாம்.

"அன்ரி, நான் அண்டைக்கு உங்களுக்காகக் கதைச்சிருக்க வேணும். கதைக்கேல்லை."

"பரவாயில்லைத் தம்பி." (பார், திரும்பவும்.)

"உங்கடை வீட்டுக் கதவும் நீலமெண்டனீங்கள். சனிக்கிழமை அங்கை வந்து உங்கடை முகத்தை மட்டும் எடுப்பமே?"

என் வாசல். யாரும் மறிக்க இல்லை. ஓம் என்றேன். போனை வைத்தபிறகு ஈரத் துணியால் கதவைத் துடைக்கத் தொடங்கினேன்.

யூலை 12, சனி

காற்று திரும்பவும். முற்றம் இரண்டு தரம் கூட்டினேன்.

மூன்று பேர்தான் வந்தார்கள். கஜன், கமராக்காரப் பொடியன், மேக்கப்காரி. மாப்பிள்ளையாக நடித்தவன் கொழும்புக்குப் போய்விட்டானாம். அவனுக்குப் பதிலாக லைற் ஸ்ராண்ட் ஒன்றை முற்றத்தில் நிறுத்தி, அவன் கண் இருக்கும் உயரத்தில் சிவப்பு ரேப் நாடா ஒட்டினார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும்.

சேலை, கொடி, பொட்டு. தட்டை நானே ஆயத்தம் செய்தேன், ஒருவரையும் தொடவிடவில்லை. மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு, தண்ணீர் சிவந்து வந்தது. வாழைப்பழத் துண்டில் திரி. உள்ளிருந்து நடந்து வந்து நிலையடியில் நின்றேன். நிமிர்ந்தேன். சுற்றினேன், வலமாக, ஆறுதலாக. என்ன செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் செய்யவில்லை.

ஒருவரும் "கட்" சொல்லவில்லை. திரி ஒன்று காற்றில் அணைந்தது. பிறகுதான் கஜன் மெல்ல வந்தான்.

"அன்ரி, இதுதான். இதைத்தான் நான் தேடினது."

கமராக்காரப் பொடியன் தலையைச் சொறிந்தான். "முகம் சரியண்ணை. ஆனா பார்வை மேலை போட்டுது. மாப்பிள்ளை அவ்வளவு உயரமில்லை. இது அண்டைக்கு மாப்பிள்ளையை எடுத்த சொட்டோடை பொருந்தாது."

போட்டுக் காட்டினார்கள். உண்மைதான். ரேப்பைப் பார்க்கவே இல்லை நான். அதற்கு ஒரு சாண் மேலே, நிலையின் மேற்சட்டம் அளவுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சின்னத் திரையில் இருந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் எந்தப் படத்திலும் செய்ததில்லை.

"ஒருக்கா பார்வையை இறக்கிச் செய்வமே அன்ரி?"

செய்தேன். ரேப்பைப் பார்த்தே செய்தேன். சரி என்றார்கள். நல்லாத்தான் இருந்தது, எப்போதும் நான் செய்கிற மாதிரி. படத்தில் வரப்போவது அதுதான்.

"முதல் எடுத்ததை அழிச்சுப்போடாதை தம்பி."

"அழிக்கமாட்டன் அன்ரி. ஆனா பாவிக்கவும் ஏலாது."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஸ்ராண்ட் நின்ற இடத்தில் மூன்று குழி. சேலையை மாற்றவில்லை, பொட்டையும் எடுக்கவில்லை. தட்டுத் தண்ணீரை அப்படியே வைக்கக்கூடாது, கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே ஊற்றினேன். பரமேசு கறுப்புக் கண்ணாடியோடு தன் படலையில் நின்றாள்.

"ஆர் சாந்தா, நீயே? வாசல்லை ஆக்களின்ரை சத்தம் கேட்டுது. ஆரும் வந்தவையோ? ஆராத்தி எடுத்தனியோ?"

"ஓம். எடுத்தனான்," என்றேன்.