காதில் ஓதிய சொல்

லாபு, மலாயா, 1951

அன்பானவளுக்கு,

யாழ்ப்பாணத்தில் நீயும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே நம் தோட்டத்துத் தியான மண்டபத்துக்குப் போலீஸ் பூட்டுப் போட்டுவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு கூடியதால் கம்யூனிஸ்ட் கூட்டம் என்று சந்தேகம். குருநாதரின் ஜோதி வழிபாட்டை என் செலவில் சுவா தோட்டம் வரைக்கும் பரப்பியவன் நான். தோட்டத்துப் பெரிய கிளார்க் என்பதால் என்னை யாரும் தொடவில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீரமுத்துவைப் பிடித்துப் போனார்கள்.

"தீட்சையில பெரியய்யா காதுல என்ன சொன்னாரு?" என்று அடித்துக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியய்யா நான்தான்; மந்திரத்தை வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்று அவனுக்குச் சொன்னவனும் நானே. அவன் வாய் திறக்கவில்லை.

நான் ஸ்டேஷனுக்குப் போக மூன்று நாள் ஆனது. ஏன் என்று கேட்காதே. எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்துக் கேட்டார்கள்.

சொல்லிவிட்டேன்.

வீங்கிய உதட்டோடு அவன் வெளியே வந்தான்.

"ஐயா சொல்லிட்டீங்களா?"

"உன்னை வெளியில எடுக்கத்தானே சொன்னனான்."

"நான் தாங்கிக்கிட்டுதானேங்கய்யா இருந்தேன்."

காரில் ஏற மறுத்து நடந்தே போனான்.

இன்று விடியலில் அவன் தன் லயத்து வீட்டு வாசலில் கண்மூடி உட்கார்ந்திருந்தான். உதடுகள் மெல்ல அசைந்தன. நானும் விளக்கேற்றி உட்கார்ந்தேன். எனக்கு அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
உன்னவன்