உருண்டையும் நெட்டையும்

கமுதி,
9-6-2025

பூமிநாதனுக்கு,

உன் எண்ணை இன்னும் தடை செய்துதான் வைத்திருக்கிறேன். அதனால் கடிதம்.

பத்து வருடம் சேர்ந்து சீஸ் போட்டோம். கடைசியில் லேபிளில் உன் பெயரை மட்டும் அச்சடித்துக்கொண்டு வந்தாய். அச்சாபீஸ்காரர் தப்பு என்றாய். உன் பெயரை அவருக்குச் சொன்னது யார்?

பாகம் பிரித்தபோது பாலில் ஊற்றும் உறைப் புட்டிகளையும் நியாயமாகவே பிரித்தேன். நெட்டை பாக்டீரியா நான் ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கியது, எனக்கு. உருண்டை நீ கொண்டுவந்தது, உனக்கு. உன் உடம்புக்கும் பொருத்தம்.

நீ இல்லாமலே இங்கே வேலை நடக்கிறது. சீஸ் லேசாகக் கசக்கிறது, அவ்வளவுதான். உன் வீட்டுக்காரி முருகலட்சுமிக்கு முதுகுவலி தேவலையா? பதில் எழுத வேண்டாம்.

அக்கா,
கனகலட்சுமி

உச்சிப்புளி,
14-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் என்றாய், எழுதிவிட்டேன். முருகலட்சுமி இப்போது குனிந்து நிமிர்கிறாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "மதினியே லேசாக் கசக்குதுங்குறாகன்னா, வாயில வைக்க ஏலாதுன்னு அர்த்தம்" என்று சிரித்தாள்.

என் பாடு அதைவிட மோசம். பால் புளிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. தயிர்க்கட்டியை வெந்நீரில் போட்டு இழுத்தால் இழை வராமல் உதிர்கிறது. ராமேஸ்வரத்து ஓட்டல்காரர் இந்த மாதத்தோடு போதும் என்கிறார்.

அச்சாபீஸ்காரர், "ஒரு பேரு போதுமாண்ணே?" என்று கேட்கத்தான் செய்தார். போதும் என்றேன். தப்பு என்னுடையது, அக்கா.

தம்பி,
பூமிநாதன்

கமுதி,
20-6-2025

பூமி,

உச்சிப்புளியில் உட்கார்ந்துகொண்டு பால் புளிக்கவில்லை என்று எழுதுகிறவன் நீ ஒருவன்தான்.

புத்தகங்களைத் திரும்பப் புரட்டினேன். உருண்டை முதலில் கிளம்பிப் பாலைக் கொஞ்சம் புளிக்கவைக்கிறது. நெட்டை வளரத் தேவையான அமிலத்தையும் விடுகிறது. நெட்டை பாலின் புரதத்தை வெட்டி உருண்டைக்குத் தீனி போடுகிறது. தனியே விட்டால் உருண்டை தீனி இல்லாமல் பாதியில் நிற்கும். நெட்டை தாமதமாகக் கிளம்பி, வெட்டிய துண்டுகளைக் குவித்துவைத்துக் கசக்கவைக்கும்.

நான் பிரித்தது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. பிரித்தது நியாயம். சீஸுக்கு நியாயம் தெரியவில்லை.

ராமேஸ்வரம் பஸ் கண்டக்டர் சோணைமுத்துவிடம் என் உறையில் பாதியை ஐஸ் வைத்துக் கொடுத்திருக்கிறேன். உன்னுடையதில் பாதி அனுப்பு. பாதிதான், கூடுதல் வேண்டாம்.

கனகலட்சுமி

உச்சிப்புளி,
22-6-2025

அக்கா,

முழுப் புட்டியையும் சோணைமுத்து அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லை. நீ அனுப்பிய பாதியும் கூடவே திரும்பி வருகிறது. இரண்டும் ஒரே கொட்டகையில் இருக்கட்டும். அது உன் கொட்டகையாகவே இருக்கட்டும். இங்கே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

பூமி

கமுதி,
30-6-2025

பூமி,

சீஸ் போட்டேன். மதியத்துக்குள் புளித்தது. இழுத்தால் முழம் நீளத்துக்கு வந்தது. கசப்பு இல்லை.

புது லேபிள் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். என் பெயர் மேலே, உன் பெயர் கீழே. மூத்தவள் நான், இதில் பேச்சுக்கு இடமில்லை.

இரண்டு உறையையும் ஒரே புட்டியில் கலந்து வைத்துவிட்டேன். ஆய்வகத்தில் செய்வதுபோல் கண்ணாடித் தட்டில் பரப்பி வளர்த்துத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியும். செய்யமாட்டேன். உன் பங்கு வேண்டுமென்றால் நீதான் இங்கே வரவேண்டும். கவிழ்த்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு, முருகலட்சுமியையும் கூட்டிக்கொண்டு வா. அவளை எதையும் தூக்கவிடாதே.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். பஸ் ஏறியதும் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிடாதே.

அக்கா