எல்லாக் குடிகளுக்கும் ஒரே மேசை

"இதுல எங்களோடது எது, டீச்சர்?" என்று நம் இருவரையும் பார்த்து பூஜாங் கேட்டார். இன்று காலை தெங்கேரா கடைத்தெருவில் கோழிக்கடையைக் கடந்தபோது, வெந்நீரில் முக்கிய இறகின் வாடை மூக்கில் ஏறியது. உடனே அந்தக் கேள்வியும் பள்ளி மண்டபமும் பழைய அருவருப்பும் சேர்ந்தே வந்தன. என்னோடு அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நீ; மலாய் பேசும் செட்டிகளின் ஊரான கம்போங் செட்டியில் பிறந்த உனக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனாலும் என் மலாயைக் கேட்டு நீ சிரிப்பாயே, அதற்குப் பயந்து தமிழிலேயே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த வருடம். பள்ளியில் 'உலகச் சமயங்கள்' கண்காட்சி. சமயத்துக்கு ஒரு மேசை. மூலையில் இருந்த மேசைக்கு மட்டும் 'பழங்குடி மதம்' என்று பெயர். அதன்மேல் ஒரு முகமூடி: காகித அட்டையை வெட்டி, சப்பாத்து மை பூசி, அப்போதுதான் பிடுங்கிய கோழி இறகை ஒட்டியிருந்தார்கள். இறகின் அடியில் ரத்தம் காயவில்லை. ஈ மொய்த்தது. ஆப்பிரிக்கா, அமெரிக்கா, நம் காடு எல்லாம் அதற்குள் அடக்கம்.

பூஜாங் நம் காட்டுத் தெமுவான் குடியைச் சேர்ந்தவர். நம் பள்ளி வாசலில் காட்டிலிருந்து பறித்த பெத்தாய்க் காய் விற்பவர். விருந்தினராக அழைத்திருந்ததால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கண்காட்சிக்குப் பொறுப்பான மூத்த ஆசிரியர் அவரிடம் முகமூடியை நீட்டினார்.

"சட்டையைக் கழட்டிட்டு இதைப் போட்டு நில்லு. பெரியவங்க வர்ற நேரம்."

அப்போதுதான் பூஜாங் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் ஒண்ணுதான் லா. யாரு வந்து பார்க்கப்போறா?" என்றார் ஆசிரியர்.

நீ உன் மலாயில் மெல்லக் கேட்டாய்: "அப்போ முருகன் மேசையில பக்கத்துச் சீனக் கோயில் சாமியை வைக்கலாமா, சார்?"

"அதெப்படி? அது வேற. உங்க வீட்டுல செத்தவங்களுக்குச் சோறு வைக்கிறீங்க இல்ல, அந்தப் புத்தி."

"வைக்கிறோம். போன போகிக்கு நீங்க ரெண்டு தட்டு சாப்பிட்டது அந்தச் சோறுதான்."

பூஜாங் முகமூடியைக் குப்புறக் கவிழ்த்தார். "அபாங், வாங்க, சாப்பிடப் போகலாம்" என்று அண்ணன் முறை சொல்லி நீ அவரை அழைத்துப் போனாய். நான் பின்னால் வந்தேன். கண்காட்சி நிற்கவில்லை. பள்ளிக் காவலாளிக்கு முகமூடியை மாட்டிவிட்டார்கள். பெரியவர்கள் கைதட்டிச் சிரித்தது நம் சாப்பாட்டு மேசைவரை கேட்டது. பூஜாங் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

பிறகு நாம் கிடைத்ததையெல்லாம் வாசித்தோம். நீலகிரித் தோடருக்கு எருமைப்பால் கடையும் குடிலே கோயில். அமெரிக்காவின் நவஹோ குடியினர் நோயாளிக்காக வண்ண மணலில் சித்திரம் இட்டு, சடங்கு முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். நம் நாட்டு பத்தேக் மக்கள், விலங்கைக் கேலிசெய்து சிரித்தால் இடி இறங்கும் என்பார்கள். இவற்றையெல்லாம் ஒரே மதம் என்பவன் மூன்றில் ஒன்றையும் பார்க்காதவன்.

போன வாரம் ஒரு ஓட்டலில் 'ஆதிவாசி நடனம்' என்று இறகு கட்டி ஆடினார்கள். எந்த ஆதிவாசி என்று கேட்டேன். "பொதுவா, மா" என்றான் மேலாளன். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வந்துவிட்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அருவருப்புதான். அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

நீ வாசிக்கப்போவதில்லை; இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி: 'பழங்குடிகள் இதை நம்புகிறார்கள்' என்று எங்காவது கண்டால், 'பழங்குடிகள்' என்பதை அடித்துவிட்டு அங்கே ஒரு குடியின் பெயரை எழுதிப் பாருங்கள்.