கமலா ரீச்சர் சொன்ன ஒரு சொல்

1986 யூலை 8, செவ்வாய்
கச்சான் காத்து. கண், காது எல்லாம் மண். ஒன்பதாம் வகுப்பு டெஸ்ட் தாள் இன்னும் திருத்தல்ல. மண்ணெண்ணெய் முடிஞ்சு.

இடைவேளையில ரேடியோச் செய்தி. சிங்களப் பக்கத்துச் சந்தையொண்டில தமிழ் இயக்கம் வெச்ச குண்டு. செத்தது எல்லாம் வாங்க விக்க வந்த சனம். ஸ்டாஃப் ரூமில எல்லாரும் ரேடியோவச் சுத்தி நிண்டாங்க. கமலா மட்டும் கொப்பி திருத்திக்கொண்டே, "நல்லா வேணும்" எண்டா. மெல்லமாத்தான். பக்கத்தில இருந்த எனக்கு மட்டும் கேட்டிச்சு.

போன வருஷம் ஆமி சுற்றிவளைப்பில அவட புருசனக் கொண்டுபோய், மறுகா உசிரில்லாத மையத்தத்தான் குடுத்தாங்க. விரல்ல நகம் இல்ல. நானும் பார்த்தனான். அவ அப்பிடிச் சொல்லலாமா? தெரியா.

யூலை 9, புதன்
ரபீக் மௌத்து. என்ட இவர்ட நடுத் தம்பி. மருதமுனைச் சாரன் கட்டு எடுத்துக்கொண்டு பொத்துவிலுக்குப் போறதா இருந்த ஆள். கடைசியில அந்தச் சந்தைக்குப் போயிருக்கார். உடுத்திருந்த சாரனப் பார்த்துத்தான் அடையாளம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். முகம் காட்டல்ல.

மாமி எல்லாரிட்டயும் ஒரே கேள்வி. "என்ட புள்ள ஆருக்கு என்ன செஞ்ச?"

யூலை 10, வியாழன்
வாங்க: சீனி, தேயில, ஊதுபத்தி, மல்லி.

கமலா வந்தா. மாமி அவவக் கட்டிப்புடிச்சு, "நீ பட்டது இப்பதான் விளங்குது மகள்" எண்டு ஒரே அழுகை. கமலாவும் குலுங்கிக் குலுங்கி. பொய் அழுகை இல்ல. பார்க்க ஏலாம நான் குசினிக்குப் போனன். பின்னால வந்தா.

"பரீதா, ரபீக் அங்க எண்டு தெரிஞ்சா நான் அப்பிடிச் சொல்லியிருப்பனா?"

"ரபீக் இல்லாட்டிச் சரியா?"

கமலா தேத்தண்ணிக் கோப்பையக் கையில எடுத்தா. மறுகா, "என்ர மனுசனுக்காக அந்த ஊர்ல ஆராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாங்களா?" எண்டா.

"விட்டிருந்தா? குண்டு அவங்கள விலத்தியா வெடிக்கும்?"

தேத்தண்ணிக் கோப்பையக் கழுவி வெச்சிட்டுப் போயிட்டா.

ஏன் செஞ்சாங்க எண்டது விளங்குற மாதிரியும் இருக்கு. விளங்கினா? ரபீக்குக்கு அதால என்ன? எழுதி எழுதி வெட்டுறன்.

யூலை 12, சனி
தலையிடி. வெக்கை.

பின்னேரம் இவர்ட கடைசித் தம்பி நவ்பர் சேட்டப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். பஸ் நிப்பாட்டுற இடத்தில சலூன் வெச்சிருக்கிற தமிழ் ஆள இண்டைக்கு அவனும் கூட்டாளிமாரும் ஒரு கை பார்ப்பாங்களாம்.

"அந்த மனுசன் என்னடா செஞ்ச?"

"ரபீக் காக்கா என்ன செஞ்ச, மதினி?"

ஒரு நிமிஷம், போகட்டும் எண்டு நினைச்சன். நான். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நான்.

இவர்தான் கதவச் சாத்தி, முதுகக் குடுத்து நிண்டார். நவ்பர் தள்ளினான், தோள்ல குத்தினான். இவர் அசையல்ல. "எனக்கும் அவன் தம்பிதான்டா." மறுகா ரெண்டு பேரும் அங்கயே இருந்து அழுதாங்க.

நவ்பர் போகல்ல. மத்தவங்க போயிருக்காங்க.

யூலை 14, திங்கள்
சலூன் சாம்பல். அந்த மனுசனுக்கு ரெண்டு கையும் வெந்து, ஆஸ்பத்திரியில.

கமலா ஸ்கூலுக்கு வரல்ல. அவட பாடமும் நானே எடுத்தன். விட்டதும் அவட வீட்ட போனன். கதவப் பாதிதான் தொறந்தா.

"நவ்பரா?"

"இல்ல. அல்லாஹ்மேல ஆணை."

"அப்ப ஆர்?"

எனக்குத் தெரியும். எங்கட ஒழுங்கைப் பொடியன்கள்தான். ரபீக்கோட பந்தடிச்சவங்க.

"அவங்களும் மனம் தாங்காமத்தான் கமலா..." எண்டு சொல்லத் தொடங்கினன்.

கமலா என்னையே பார்த்துக்கொண்டு நிண்டா.

அண்டைக்கு அவ சொன்னதும் இப்பிடித்தானே. மிச்சத்த முழுங்கிட்டன்.