படர்க்கையில் ஒருத்தி

மார்ச் 3
எனக்கு மறதி நோய் இல்லை. மாடி வீட்டுக்காரியிடம் என் மகள் சொன்னது பிழை. பால் பொங்கி அடுப்பு அணைந்தது உண்மை. கேஸ் கசிந்ததும் உண்மை. நான் அடுப்பருகேதான் நின்றேன். ஆனால் அங்கே இல்லை. இதை எப்படி விளக்குவது?

மார்ச் 4
"முதியோர் இல்லத்துல ஒரு ரூம் காலியா இருக்கும்மா. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்" என்றாள் மகள்.
"தலையணை உறை மாத்துற மாதிரி சொல்றியே" என்றேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நல்ல மனிதர்.

மார்ச் 9
மனநல மருத்துவர். சின்னப் பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன்.
"இது மறதி இல்ல பாட்டி."
"நான் உனக்குப் பாட்டி இல்லை."
"சரிங்க மேடம். நீங்க அப்படி 'அங்க இல்லாம' போறதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேக்குதுன்னு கவனிச்சு எழுதிட்டு வாங்க."

மார்ச் 12
மாலை ஆறரை. மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து பெல்ட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார். கொக்கி மரத்தில் தட்டியது. பிறகு — என் கையில் தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.
பெல்ட். கடவுளே, பெல்ட்.

மார்ச் 13
எழுத மாட்டேன்.

மார்ச் 17
எழுதிக் கொண்டுபோனேன்: 'என் கணவர் கதவைத் தாழிட்டுப் பெல்ட்டை உருவுவார். அவள் அலமாரிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு வலிக்காது. மறுநாள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள்வாள்.'
"யாருங்க இந்த 'அவள்'?" என்றாள் மருத்துவர்.
கான்வென்ட்டில் இலக்கணத்துக்கு முதல் பரிசு வாங்கியவள் நான். தன்மையில் எழுத வேண்டியதைப் படர்க்கையில் எழுதியிருக்கிறேன்!
"இது பிழை இல்ல மேடம். ஓட வழி இல்லாதப்ப மனசு மட்டும் உடம்பை விட்டு நகர்ந்துடும். அன்னிக்கு அதுதான் உங்களைக் காப்பாத்துச்சு. இன்னும் அந்தச் சத்தம் கேட்டா அதே வேலையைச் செய்யுது."
சத்தம் கேட்டதும் காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்ல வேண்டுமாம்.

மார்ச் 22
கதவு. குடை. இரண்டோடு போய்விட்டேன்.

மார்ச் 26
சிவப்புப் பென்சிலை எடுத்தேன். 'அவள்' எல்லாவற்றையும் அடித்து 'நான்' என்று திருத்தினேன். 'அவளுக்கு வலிக்காது' என்ற இடத்தில் கை நின்றது.
எனக்கு வலித்தது. இடது தோள். ஐயோ, எப்படி வலிச்சுது! நாற்பது வருடம் கழித்து உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 28
கதவு. குடை. செருப்பு. ஜன்னல். மாப்பிள்ளை.
தேநீர் சூடாகவே இருந்தது.

மார்ச் 29
மகளுக்கு: இந்த நோட்டை உன் மேஜையில் வைக்கிறேன். படித்த பிறகு இல்லத்துக்கு என்ன சொல்வதென்று முடிவு செய். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்று அடுத்த அறையில் இருந்த உனக்கு அந்தச் சத்தம் கேட்டதா?
நேரில் சொல்லாதே, பாதியில் நான் போய்விடக்கூடும். அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. எழுத்தில் பதில் கொடு.